வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் 24 அடி டிராவல் டிரெய்லர் வீட்டுக்கு 4,000 வாட்ஸ் ஜெனரேட்டர் வாங்கலாமா?

வேண்டாம். 2,000 வாட்ஸ் ரகத்தில் நல்ல இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் (தேவைக்கேற்ப இன்ஜின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை) ஒன்று போதும். கூரையில் 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி இருக்கிறது, கோடையில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா பக்கம் போகப் போகிறோம், கடையில் 4,000 வாட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

கரண்ட் இல்லாத இடத்தில் டிரெய்லருக்குள் எது எதில் ஓடுகிறது என்று பாருங்கள். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் ஃபேன் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில். அடுப்பும் வெந்நீரும் புரொப்பேனில். ஃப்ரிட்ஜ் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில். ஆக ஜெனரேட்டரின் முக்கிய வேலை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதுதான். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது ஜெனரேட்டர் இல்லை, வரும் கரண்டை பேட்டரிக்கு ஏற்ற 12 வோல்ட்டாக மாற்றும், டிரெய்லருக்குள் இருக்கும் கன்வெர்ட்டர். 55 ஆம்ப் கன்வெர்ட்டர் முழு மூச்சில் ஓடினாலும் ஏறக்குறைய 900 வாட்ஸ்தான் இழுக்கும். வெளியே 4,000 வாட்ஸ் உறுமினாலும் பேட்டரி ஒரு நிமிடம்கூட முன்னால் நிரம்பாது.

யோசெமிட்டி முகாம்களில் எங்குமே மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் போடவும் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். மீதிக்குப் பல மணி நேரம் ஆகும். லித்தியம் கிட்டத்தட்ட கடைசிவரை அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். 100 ஆம்ப் ஹவர் லித்தியம் பேட்டரி, அதற்கு ஏற்ற கன்வெர்ட்டர் இரண்டும் இருந்தால் ஒரு இரண்டு மணி நேர இடைவெளியே போதும். பெரிய ஜெனரேட்டருக்கு ஒதுக்கிய பணத்தை நான் அங்கேதான் போடுவேன்.

சரி, ஏசி? ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட்ஸ். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் 3,000 வரை கேட்கும். 2,000 வாட்ஸ் ரகத்தில் வரும் ஹோண்டா ‘இயூ2200ஐ’ மாடல் தொடர்ந்து தருவது 1,800 வாட்ஸ், உச்சம் 2,200. ஏசிக்கு, கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி ஒன்று பொருத்தி, ஜெனரேட்டரில் இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் எக்கோ மோடை அணைத்துவிட்டு, வேறு எதையும் போடாமல் இருந்தால் கடல் மட்டத்தில் இதுவே ஏசியைக் கிளப்பிவிடும். மலையில் அது நடக்காது. ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீத சக்தி போய்விடும். யோசெமிட்டியிலேயே 8,600 அடியில் இருக்கும் டுவாலமி மெடோஸில் 1,800 என்பது 1,260 ஆகிவிடும். நல்லவேளை, அந்த உயரத்தில் ஏசியே தேவைப்படாது. ராத்திரியில் போர்வை தேடுவீர்கள். குழந்தைகள், பெரியவர்கள் இருக்கிறார்கள், சமவெளி வெயிலிலும் தங்குவோம், ஏசி கட்டாயம் என்றால் அதே மாடலில் இன்னொன்று வாங்கி, இரண்டின் சக்தியையும் சேர்த்துத் தரும் பேரலல் கேபிளில் இணையுங்கள். ஒவ்வொன்றும் 21 கிலோதான். 3,000 வாட்ஸ் ரகமான இயூ3000ஐஎஸ் ஒன்றே கிட்டத்தட்ட 60 கிலோ. டிரக்கில் ஏற்ற ஆள் தேட வேண்டும்.

மூடி இல்லாத மலிவான ஓப்பன் ஃப்ரேம் ஜெனரேட்டர், ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் 3,600 ஆர்பிஎம்மில்தான் கத்தும். 60 ஹெர்ட்ஸ் வர வேறு வழி இல்லை. தேசியப் பூங்கா விதிப்படி 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. விதியை விடுங்கள், பக்கத்து டென்ட்காரர் முகத்தில் விழிக்க வேண்டாமா? வாங்கும்போது கலிபோர்னியாவில் விற்க அனுமதியுள்ள மாடலா, புகைக்குழாயிலிருந்து தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் வீட்டுச் சமையலுக்கும் ஒரு கணக்கு. 6 குவார்ட் இன்ஸ்டன்ட் பாட் 1,000 வாட்ஸ். மைக்ரோவேவ் 1,500 வரை இழுக்கும். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. இண்டக்‌ஷன் அடுப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் குழம்பிப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. டிரெய்லரின் 30 ஆம்ப் கேபிளை, ஜெனரேட்டர் சாக்கெட்டுக்குப் பொருந்த வைக்கும் டாக்போன் அடாப்டர் வழியாக ஜெனரேட்டரில் செருகுவீர்கள். தப்பான கரண்டிலிருந்து டிரெய்லரைக் காக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் ‘ஓப்பன் கிரவுண்ட்’ (எர்த் இணைப்பு இல்லை) என்று பிழை காட்டி, கரண்டை உள்ளேயே விடாது. ஜெனரேட்டரில் கோளாறு எதுவும் இல்லை. இந்த வகை இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் கிரவுண்டும் இணைந்திருக்காது, அவ்வளவுதான். நியூட்ரல் பாண்டிங் பிளக் என்று சின்னதாக ஒன்று கிடைக்கும். அதை ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் செருகினால் பிழை போய்விடும்.

டிரெய்லரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எந்த ஜன்னலையும் பார்க்காதபடி வையுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே இருக்கும் அலாரத்தைக் கிளம்பும் முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லையென்றால் அது பிசின் மாதிரி கட்டிப்போய், அடுத்த மே மாதம் கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும்.