பைலட் கிளம்பினால் யூனியனுக்கு லாபமா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பைலட்டுகள் நிறையப் பேர் வேலையை விட்டதால் சம்பளம் மளமளவென்று ஏறியது என்கிறார்கள். ஆள் போனாலே சம்பளம் கூடும் என்றால் யூனியன் எதற்கு? (திருச்சி வாசகர்)

எந்தக் கம்பெனியை விட்டு எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய கம்பெனிகளை விட்டு யாரும் லேசில் கிளம்புவதில்லை. 20 வருடம் ஓட்டிய, 777 என்ற பெரிய போயிங் விமானத்தின் கேப்டன் பக்கத்துக் கம்பெனிக்கு மாறினால், அங்கே சீனியாரிட்டி பட்டியலின் அடியில் முதல் வருடக் கோ-பைலட்டாக உட்கார வேண்டும். எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு லீவு உண்டா என்பதெல்லாம் சேர்ந்த தேதியை வைத்துத்தான். அதனால் அங்கே இடம் காலியாவது பெரும்பாலும் 65 வயதில் வரும் கட்டாய ஓய்வால். 2020இல் கொரோனா வந்ததும் டெல்டாவில் மட்டும் 1,800 பேர் வாக்கில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார்கள்.

ஆள் கரைவது, பெரிய கம்பெனிகளுக்காகச் சின்ன விமானம் ஓட்டும் ரீஜனல் கம்பெனிகளில். ரிபப்ளிக் ஏர்வேஸ் கதை இதற்குச் சரியான உதாரணம். அங்கே 2007இல் திருத்த வேண்டிய ஒப்பந்தம் 2015 அக்டோபரில்தான் முடிந்தது. எட்டு வருடம்! நடுவில் பைலட்டுகள் ஒருபக்கம் பேசிக்கொண்டும் மறுபக்கம் கிளம்பிக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் புதிய கோ-பைலட்டின் மணிநேரச் சம்பளம் 23 டாலர் வாக்கில் இருந்து 40 டாலரானது. மாதம் 75 மணிநேரம் உத்தரவாதம் என்று வைத்தால் 1,725 டாலர் 3,000 ஆகிறது. ஆனால் காலம் கடந்துவிட்டது. ஓட்ட ஆளில்லாமல் விமானங்களை நிறுத்தி வைத்ததில் வருமானம் போய், 2016 பிப்ரவரியில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

ஆக, ஆள் போவது சம்பளத்தைத் தானாக ஏற்றுவதில்லை. மேஜையில் உட்கார்ந்து அந்தக் கணக்கை எடுத்துப் போட யாராவது வேண்டும். அந்த வேலைதான் யூனியனுடையது.

இத்தனை வருடம் இழுத்தால் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதுதானே? (மதுரை வாசகி)

நினைத்த மாத்திரத்தில் முடியாது. 1926இல் ரயில்வேக்காகப் போட்ட தொழிலாளர் சட்டத்தை 1936இல் விமானத்துறைக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. ‘திருத்தலாம்’ என்று ஒரு தேதி வரும். புது ஒப்பந்தம் ஆகும்வரை பழைய சம்பளமே ஓடும். நேரடிப் பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம் வரும். மத்தியஸ்தத்துக்குக் கெடு கிடையாது. ‘இனி நடுவரிடம் விடுங்கள்’ என்று வாரியம் சொல்லி, ஒரு தரப்பாவது மறுத்தால்தான் 30 நாள் ஆறப்போடும் காலம் தொடங்கும். அது முடிந்தால்தான் வேலைநிறுத்தம் செய்யலாம். அப்போதும் ஜனாதிபதி அவசரக் குழு போட்டுத் தள்ளிவைக்கலாம். 2001இல் கோம்ஏர் என்ற ரீஜனல் கம்பெனியின் பைலட்டுகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 2010இல் ஸ்பிரிட் என்ற மலிவுக் கட்டண விமானக் கம்பெனியின் பைலட்டுகள் சில நாள் செய்தார்கள். இந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் சொல்லும்படியான வேறு பைலட் வேலைநிறுத்தம் நினைவில் இல்லை.

‘உடம்பு சரியில்லை’ என்று எல்லோரும் ஒரே நாளில் லீவு போட்டாலும் மாட்டிக்கொள்வார்கள். 1999இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அப்படி நடந்தபோது, பைலட் யூனியனுக்கு நீதிமன்றம் போட்ட அபராதம் 4.5 கோடி டாலருக்கு மேல்.

ஆனால் ஒரு பைலட் தன் சொந்த முடிவில் ராஜினாமா கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. யூனியன் அதைத் தூண்ட முடியாது, எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கெடுக்க முடியும். ‘போன மாதம் இத்தனை பேர் போனார்கள், அதில் கேப்டன் இத்தனை பேர்’ என்ற ஒரு தாள் பேச்சுவார்த்தை மேஜையில் செய்யும் வேலையைப் பத்துக் கோஷம் செய்யாது.

ஒருவர் போனால் இன்னொருவரை எடுத்தால் போச்சு. அதற்கு ஏன் இத்தனை பதற்றம்? (கோவை வாசகர்)

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய கம்பெனியில் ஒரு 777 கேப்டன் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு, அதைவிடச் சிறிய 737 விமானத்தின் கேப்டன் வருவார். அவருக்கு 777 பயிற்சி. 737 கோ-பைலட் கேப்டன் ஆவார், அவருக்கும் பயிற்சி. அந்தக் கோ-பைலட் இடத்துக்கு ரீஜனலில் இருந்து ஒரு கேப்டன் வருவார்; அவருக்குப் பயிற்சி. ரீஜனலில் ஒரு கோ-பைலட் கேப்டன் ஆக வேண்டும், கடைசியில் ஒரு புதுமுகம் சேர வேண்டும். ஒருவர் வீட்டுக்குப் போனதற்கு ஐந்து பயிற்சி. இதில் ஒவ்வொன்றுக்கும் சிமுலேட்டர் நேரம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஆளும் பைலட்தான், அவரும் கிளம்பக்கூடியவர்தான்.

புதுமுகம் கிடைப்பதும் சுலபமில்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் என்ற ரீஜனல் கம்பெனியின் விமானம் விழுந்த பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் கோ-பைலட்டுக்கே பொதுவாக 1,500 மணிநேரம் பறந்த அனுபவம் தேவை. ராணுவத்தில் ஓட்டியவருக்கு 750, விமானப் பட்டப்படிப்பு முடித்தவருக்கு 1,000 என்று சலுகை உண்டு.

இதைவிடப் பெரிய அடைப்பு கேப்டன் இடத்தில். கேப்டன் ஆக, விமானக் கம்பெனியில் கோ-பைலட்டாக 1,000 மணிநேரம் ஓட்டியிருக்க வேண்டும். கேப்டன்கள் கிளம்பிவிட்டால் விமானம் நிற்கும். விமானம் நின்றால் கோ-பைலட்டுக்கு மணிநேரம் சேராது. மணிநேரம் சேராமல் அவர் கேப்டன் ஆக முடியாது. 2022, 2023இல் ரீஜனல்களைப் படுத்தியது இந்தச் சுழல்தான். கோ-பைலட் இருக்கிறார், பக்கத்து இருக்கை காலி.

கம்பெனியே கூடுதல் பணம் கொடுக்க வந்தாலும் யூனியன் சில சமயம் வேண்டாம் என்கிறதாமே? (சேலம் வாசகி)

உண்மைதான். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது கம்பெனி சம்பளத்தைத் தன் இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. ஆள் கிடைக்காத அவசரத்தில் நிர்வாகம் கேட்பது புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் போனஸ். பத்து வருடம் இருப்பவர் ‘எனக்கு?’ என்பார். போனஸை நாளைக்கு நிறுத்திவிடலாம். மணிநேர விகிதம் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. அதனால் யூனியன் விகிதத்தைக் கேட்கும், நிர்வாகம் போனஸைத் தள்ளும்.

2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தின் ரீஜனல் கம்பெனிகளான என்வாய், பீட்மான்ட் இரண்டும் ஒப்பந்தத்தின் நடுவழியில் யூனியனோடு தனி உடன்பாடு போட்டு, கோ-பைலட்டின் ஆரம்பச் சம்பளத்தை மணிக்கு 90 டாலராக்கின. ஆனால் அதில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரை மட்டும் என்ற தற்காலிகக் கூடுதல். அவசரத்துக்குக் கொடுத்த பணத்தில் எப்போதும் இப்படி ஒரு தேதி ஒளிந்திருக்கும். உடன்பாட்டைப் படிப்பவர் முதலில் அதைத் தேட வேண்டும்.

யூனியனுக்கு உள்ளேயும் ஒரு சிக்கல். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஓட்டுப் போடுபவர்களும் மாறுகிறார்கள். ஆறு மாதத்தில் கிளம்பப்போகிறவர் ஓய்வூதியப் பிரிவைப் படிக்கவே மாட்டார். முதல் வருடச் சம்பளத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவார். பெரிய கம்பெனிகளில் இதற்கு நேரெதிர்: அங்கே கடைசிவரை இருப்பவர்கள், அவசரப்பட மாட்டார்கள். 2022 நவம்பரில் யுனைடெட் பைலட்டுகள் தங்கள் யூனியன் கொண்டுவந்த வரைவையே 94% எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தள்ளினார்கள். 2023 மார்ச்சில் டெல்டா தன் பைலட்டுகளுக்குச் சம்பள உயர்வாகக் கையெழுத்திட்டவுடன் 18%, மொத்தம் 34% என்று கொடுத்தது. அந்த வருடம் செப்டம்பரில் யுனைடெட்காரர்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் 40% வரை போனது. காத்திருந்தது வீண்போகவில்லை.

ஓய்வு வயதை 67 ஆக்கினால் பிரச்சினை தீராதா? (திருநெல்வேலி வாசகர்)

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2023இல் ஒப்புக்கொண்டது; 2024 மே மாதம் வந்த விமானத்துறைச் சட்டத்தில் அது இல்லை. சர்வதேசத் தடங்களில் உலக வரம்பு 65தான். ஆக, அந்த வயதைத் தாண்டியவர்களை உள்நாட்டு விமானங்களுக்கு இறக்க வேண்டும். மறுபடியும் பயிற்சிச் சங்கிலி.

நம் ஊரில் எப்படி? (சென்னை வாசகர்)

இங்கே கிளம்புவதற்கே கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 2017இல் விமானப் போக்குவரத்து இயக்ககம் கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் 12 மாதம், கோ-பைலட்டுக்கு 6 மாதம். 2023இல் 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலம் முடிக்காமல் போய்விட்டதாக ஆகாசா ஏர் மும்பை உயர் நீதிமன்றம் போனது. கூட்டுப் பேரமும் இங்கே பலவீனம். அதே வருடம் ஏர் இந்தியா புதுச் சம்பளத் திட்டம் கொண்டுவந்தபோது சங்கங்கள் ‘கையெழுத்துப் போடாதீர்கள்’ என்றன. நிர்வாகமோ ஒவ்வொரு பைலட்டிடமும் தனித்தனியாகக் கையெழுத்து கேட்டது.

இந்தப் பலம் யூனியனுக்கு நிரந்தரமா? (ஈரோடு வாசகி)

இல்லை. ஸ்பிரிட்டைப் பாருங்கள். ஆள் ஓடுவதைத் தடுக்க 2023 ஜனவரியில் இரண்டு வருடத்துக்குச் சராசரியாக 34% உயர்வு கொடுத்தது. 2024 செப்டம்பரில் அதே கம்பெனி 186 பைலட்டுகளைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. நவம்பரில் திவால் மனு.