கணினி கேள்வி–பதில்: பாதியில் நின்ற டேட்டாபேஸ் மீட்பு

கேள்வி: எங்கள் மளிகை மொத்தக்கடையின் ஸ்டாக், இன்வாய்ஸ் எல்லாம் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸில் இருக்கின்றன. சர்வர் டிஸ்க் பழுதாகிவிட்டது. புது டிஸ்கில் ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பை இறக்கி, அதன்மேல் வால் கோப்புகளை (WAL, டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) ஓட்டிக்கொண்டிருந்தபோது மாலை இடிமழையில் கரண்ட் போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உண்டு. எதையும் அழிக்காதீர்கள். மீட்பு ஓடும்போது எதுவரை வந்தோம் என்பதைப் போஸ்ட்கிரெஸ் அவ்வப்போது டிஸ்கில் குறித்துக்கொள்ளும். அதற்கு ரீஸ்டார்ட்பாயின்ட் என்று பெயர். கரண்ட் போனாலும் சரி, நீங்களே நிறுத்தினாலும் சரி, மறுபடி தொடங்கினால் கடைசி ரீஸ்டார்ட்பாயின்டிலிருந்துதான் ஓடும்.

சர்வரைத் தொடங்கும் முன் டேட்டா டைரக்டரி மீது பிஜி_கன்ட்ரோல்டேட்டா கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கிளஸ்டர் நிலை ‘இன் ஆர்க்கைவ் ரெகவரி’ என்று இருக்க வேண்டும். சற்றுக் கீழே, கடைசி செக்பாயின்டின் ரீடூ (மாற்றங்களை மறுபடி ஓட்டுவது) எந்த வால் கோப்பில் தொடங்குகிறது என்று 24 எழுத்தில் ஒரு பெயர் வரும். அந்தக் கோப்பும் அதற்குப் பிந்தியவையும் காப்பகத்தில், அதாவது வால் கோப்புகளைச் சேர்த்துவைத்த இடத்தில், இருந்தால் இந்த மீட்பைத் தொடரலாம். முந்தியவை இப்போது வேண்டியதில்லை என்றாலும் அவற்றை விட்டுவையுங்கள், ஞாயிறு பேக்கப்பின் மூலப் பிரதியையும் தொடாதீர்கள். வேறு கோளாறு வந்து முதலிலிருந்து தொடங்க நேர்ந்தால் இரண்டும் வேண்டும்.

அடுத்து, ரெகவரி.சிக்னல் என்ற காலிக் கோப்பு டேட்டா டைரக்டரியில் இருக்கிறதா பாருங்கள். (12-ஆம் பதிப்பு முதல் பழைய ரெகவரி.கான்ஃப் கிடையாது.) அது இல்லாவிட்டால் சர்வர் காப்பகத்தின் பக்கமே போகாது. பேக்கப்_லேபிள் கோப்பின் பெயரோடு ‘.ஓல்ட்’ சேர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். தொடக்கப்புள்ளியைப் படித்து முடித்ததும் போஸ்ட்கிரெஸே செய்யும் பெயர் மாற்றம் அது. அதைப் பழைய பெயருக்கு மாற்றாதீர்கள்.

இனி சர்வரைத் தொடங்கி லாக்கைக் கவனியுங்கள். மறுபடியும் நின்றால் பெரும்பாலும் காரணம் காப்பகத்தில்தான் இருக்கும். அடிக்கடி வருவது இது: குறிப்பிட்ட ஒரு கோப்பின் அளவு தவறு, 16777216 இருக்க வேண்டும் என்று ஒரு வரி வந்து மீட்பு நின்றுவிடும். ஒரு வால் கோப்பின் இயல்பான அளவு 16 எம்பி, அதாவது சரியாக 16777216 பைட். காப்பகத்துக்கு வெறும் காப்பி கட்டளையால் அனுப்பும்போது டிஸ்க் நிறைந்தாலோ கரண்ட் போனாலோ பாதி எழுதிய கோப்பு முழுப் பெயரோடு அங்கே தங்கிவிடும். காப்பகத்தை அளவு வாரியாகப் பட்டியலிட்டால் உடனே கண்ணில் படும். சுருக்கி வைக்காத காப்பகத்தில், ‘.ஹிஸ்டரி’, ‘.பேக்கப்’ என்று முடிபவை தவிர மற்ற எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அந்தக் கோப்பின் முழுப் பிரதியைத் தேடுங்கள். பழைய டிஸ்க் கொஞ்சமாவது படிக்குமானால் அதன் பிஜி_வால் டைரக்டரியில் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைத்ததும் காப்பகத்தில் வைத்துவிட்டு சர்வரைத் தொடங்கினால் போதும். கிடைக்காவிட்டால் மீட்பு அதற்கு முந்தைய கோப்போடு முடிந்தது. நடுவில் ஒன்றைத் தாண்டி அடுத்ததை ஓட்ட வழியே இல்லை. பெயர்களை வரிசையாகப் பார்க்கும்போது கடைசி இரண்டு இடங்கள் பதினாறடிமான எண் என்பதை மறக்காதீர்கள். 256 கோப்புக்கு ஒருமுறைதான் நடு எண் ஒன்று கூடும். 09-க்குப் பிறகு 0A-தான் வரும், 10 இல்லையே என்று தேடி வீணாகக் கலங்குபவர்கள் உண்டு.

கடைசியில் அடுத்த கோப்பு இல்லை, 00000002.ஹிஸ்டரி இல்லை என்று வரும் வரிகள் பிழையல்ல. சர்வர் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

பிஜி_ரீசெட்வால் ஓட்டினால் உடனே திறந்துவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஓட்டாத வால் கோப்புகளை வீசிவிட்டு, பாதியில் இருக்கும் டேட்டாபேஸை அப்படியே திறந்துகொடுக்கும் கருவி அது. ஸ்டாக் குறைந்திருக்கும், அதற்குரிய இன்வாய்ஸ் இருக்காது. இன்டெக்ஸ் ஒன்று சொல்லும், டேபிள் வேறொன்று சொல்லும். வருமான வரிக்காக 7 ஆண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டிய ஒரு கடைக்கு இது தாங்காது.

கேள்வி: மதியம் 2:20-க்கு எங்கள் போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிளை ஊழியர் தவறுதலாக நீக்கிவிட்டார். மீட்பு இலக்கு நேரமாக 14:19 கொடுத்தோம். மீட்பு முடிந்து பார்த்தால் டேபிள் இல்லை! ஏன்?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் சர்வரின் நேர மண்டலம் யுடிசியாக (UTC, உலகப் பொது நேரம்) இருக்கும். அப்படியானால் நீங்கள் எழுதிய 14:19, மலேசிய நேரப்படி இரவு 10:19. டேபிளை நீக்கிய கட்டளையும் சேர்ந்தே ஓடிவிட்டது. நேரத்தின் பின்னால் +08 என்று எழுதுங்கள், அல்லது ஆசியா/கோலாலம்பூர் என்ற முழுப் பெயரைக் கொடுங்கள். சுருக்கெழுத்தை நம்ப வேண்டாம்.

மீட்பு முன்னால்தான் போகும், பின்னால் வராது. இலக்கைத் தாண்டிவிட்டால் பேஸ் பேக்கப்பை மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே இலக்கைச் சற்று முன்னதாகவே வையுங்கள். ஹாட் ஸ்டான்ட்பை (மீட்பின்போதே டேட்டாவைப் படிக்க விடும் அமைப்பு) இயங்கினால் இலக்கை எட்டியதும் மீட்பு தானாக இடைநிறுத்தத்தில் நிற்கும். அப்போது செலக்ட் போட்டு டேட்டாவைப் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றினால் சர்வரை நிறுத்தி, நேரத்தைத் தள்ளிவைத்துத் தொடங்குங்கள். விட்ட இடத்திலிருந்து போகும். திருப்தியான பிறகே பிஜி_வால்_ரீப்ளே_ரெஸ்யூம். அதை ஓட்டியதும் டேட்டாபேஸ் எழுதத் திறந்து, புது டைம்லைன் (அங்கிருந்து பிரியும் புது வால் பாதை) பிறந்துவிடும்.

உங்கள் டேட்டாபேஸில் அது ஏற்கெனவே பிறந்திருக்கிறது என்பதால் இன்னொரு கவனம் தேவை. 12-ஆம் பதிப்பு முதல் மீட்பு இயல்பாகவே ஆகப் புதிய டைம்லைனைத் தேடிப் போகும். உங்கள் தவறான மீட்பில் உருவான 2-ஆம் டைம்லைனின் கோப்புகள் காப்பகத்தில் சேர்ந்திருந்தால், மறுமுயற்சியும் அந்தப் பாதையிலேயே போகப் பார்க்கும். ரெகவரி_டார்கெட்_டைம்லைன் அமைப்பில் 1 என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: மைஎஸ்கியூஎல் 8 டம்ப் கோப்பை (டேட்டாபேஸைக் கட்டளைகளாக எழுதிவைத்த பேக்கப்) இறக்கும்போது பாதியில் 2006 பிழை, சர்வர் போய்விட்டது என்கிறது. பல மணிநேரம் ஓடியது வீணா?
— வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: வீணாகாது. சர்வர் இடையில் விழவில்லை என்றால், ஒரே இன்சர்ட் வரி அனுமதித்த அளவை மீறியிருக்கும். மேக்ஸ்_அலவ்ட்_பாக்கெட் 8.0-இல் சர்வர் பக்கம் 64 எம்பி, மைஎஸ்கியூஎல் கிளையன்ட் பக்கம் 16 எம்பி. இரண்டு பக்கமும் கூட்டுங்கள். 1 ஜிபி வரை போகலாம்.

பிழை எந்த வரியில் வந்தது என்று திரையில் இருக்கும். ‘டேபிள் ஸ்ட்ரக்சர்’ என்ற குறிப்பு வரிகளை வரி எண்ணோடு கிரெப் கட்டளையால் தேடினால் அது எந்த டேபிளின் நடுவில் என்று தெரியும். அந்த டேபிளின் தொடக்கத்திலிருந்து கோப்பின் கடைசி வரை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் முன்னால் பழையதை நீக்கும் கட்டளை இருப்பதால் பாதி ஏறிய டேபிள் சுத்தமாக மறுபடி உருவாகும்.

வெட்டிய துண்டின் தலையில் மூல டம்ப்பின் முதல் செட் வரிகளைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். ஃபாரின் கீ (டேபிள்களுக்கு இடையிலான தொடர்பு) சோதனையை நிறுத்துவதும் எழுத்துமுறையை யுடிஎஃப்8எம்பி4 ஆக்குவதும் அங்கேதான் இருக்கின்றன. அவை இல்லாமல் ஓட்டினால் ஃபாரின் கீ பிழை வரும், தமிழில் உள்ள பெயர்களும் கலைந்துபோகலாம். அவற்றில் ஜிடிஐடி_பர்ஜ்ட் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் (ஜிடிஐடி என்பது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி அடையாளம்). முதல் முறையே அது ஏறியிருக்கும், மறுபடி ஓட்டினால் 3546 பிழை வரும். ஃபோர்ஸ் விருப்பத்தைப் போட்டு ஓட்டவே கூடாது. பிழை வந்த இன்சர்ட்டைத் தாண்டிப் போய்விடும், ஆயிரக்கணக்கான வரிசைகள் விடுபட்டாலும் முடிந்தது என்றே காட்டும்.

டம்ப் ஏறிய பிறகு பின்லாக் (மைஎஸ்கியூஎல்லின் மாற்றப் பதிவு) ஓட்டுவதாக இருந்தால் இன்னும் கவனம். அது பாதியில் நின்றால் கடைசியாக முடிந்த பரிவர்த்தனையின் பொசிஷனைக் கண்டுபிடித்து அங்கிருந்துதான் தொடர வேண்டும். ஜிடிஐடி இயங்கினால் சர்வரே ஏற்கெனவே ஓடியதை விட்டுவிடும். இல்லாவிட்டால், வரிசை வடிவப் பின்லாக்கில் இரட்டைப் பதிவுப் பிழை 1062 வந்தாவது எச்சரிக்கும். கட்டளை வடிவப் பின்லாக்கில் ‘ஸ்டாக்கில் 5 கழி’ என்பது சத்தமில்லாமல் இரண்டு முறை ஓடிவிடும்.

கேள்வி: எஸ்கியூஎல் சர்வரில் டேட்டாபேஸ் ‘ரீஸ்டோரிங்’ என்றே நிற்கிறது. தொங்கிவிட்டதா?
— வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: ரீஸ்டோர் கட்டளை முடிந்திருந்தால் தொங்கவில்லை, அடுத்த லாக் பேக்கப்புக்காகக் காத்திருக்கிறது. கடைசி லாக் வரை எல்லாவற்றுக்கும் நோரெகவரி (இன்னும் லாக் வரும், திறக்காதே) என்ற விருப்பம், எல்லாம் முடிந்த பிறகே ரெகவரி (திறந்துவிடு). அவசரப்பட்டு முன்னதாக ரெகவரி கொடுத்தால் மிச்ச லாக் ஏறாது. 3117 பிழை வரும், முழு பேக்கப்பிலிருந்து தொடங்க வேண்டும். 4305 வந்தால் நடுவில் ஒரு லாக்கை விட்டிருக்கிறீர்கள். ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி ஓட்டி ஒவ்வொரு கோப்பின் முதல், கடைசி எல்எஸ்என் (லாக் பதிவுகளின் வரிசை எண்) எண்களை ஒப்பிட்டால் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். முழு பேக்கப் இறங்கும்போதே அறுந்திருந்தால் அதே கட்டளையை ரீஸ்டார்ட் விருப்பத்தோடு கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு லாக்குக்கும் பிறகு டேட்டாவைப் பார்க்க வேண்டுமானால் நோரெகவரிக்குப் பதில் ஸ்டான்ட்பை கொடுங்கள். படிக்க மட்டும் திறக்கும், அடுத்த லாக்கும் தடையின்றி ஏறும்.