டைவர்டிகுலைட்டிஸுக்கு அண்டிபயாட்டிக் சாப்பிடும்போது புரோபயோட்டிக்கும் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. வலது பக்க அடிவயிற்றில் வலி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். டைவர்டிகுலைட்டிஸ், லேசானதுதான் என்று ஏழு நாள் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு புரோபயோட்டிக் டப்பா கொண்டுவந்து, இதையும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்:

சீக்கிரம் ஆறும் என்று நம்பி 180 வெள்ளி போடாதீர்கள். அண்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்க வேண்டுமானால் அதைவிட மலிவாகவே வேறு சரக்கு இருக்கிறது. புரோபயோட்டிக் என்பது குடலுக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கும் உயிருள்ள கிருமி. அதுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிருமி, எதற்கு, எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் நோய். ரத்தக் குழாய் பெருங்குடலின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் இடம் பலவீனமானது. தேய்ந்த சைக்கிள் டயர் வழியாக டியூப் பிதுங்குகிற மாதிரி, அந்த இடத்தில் உள்தோல் பிதுங்கிச் சின்னப் பையாகிறது. அந்தப் பை வீங்கிப் புண்ணானால் அதுதான் டைவர்டிகுலைட்டிஸ். வெள்ளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வரும், ஆசியாக்காரர்களுக்கு வலது பக்கம் அதிகம். அதனால்தான் குடல்வால் என்ற சந்தேகம் முதலில் எழும், ஸ்கேன் எடுக்காமல் பிரித்துச் சொல்வது கடினம். உங்கள் அப்பாவை ஈப்போ வரை அலைய விட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. லேசான நிலையில் அண்டிபயாட்டிக்கே எல்லோருக்கும் தேவையில்லை. 2012-இல் சுவீடனில் 623 பேரையும், 2017-இல் நெதர்லாந்தில் 528 பேரையும் வைத்துச் செய்த சோதனைகளில், மருந்து சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் குணமானார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இனிப்பு நீர், வயது, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர் கொடுத்திருப்பார். கொடுத்த ஏழு நாளையும் முடிக்க வேண்டும்.

புரோபயோட்டிக்குக்கு வருவோம். இந்த நோய்க்கே என்று செய்த சோதனை மிகக் குறைவு. 2019-இல் இத்தாலியில் 88 பேருக்கு அண்டிபயாட்டிக்கோடு லாக்டோபசில்லஸ் ரியூட்டரி என்ற நல்ல பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள், வலி கொஞ்சம் சீக்கிரம் தணிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதில் பயன்படுத்தியது பிடிஏ 4659 என்ற வகை. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகக் கடையில் விற்பது டிஎஸ்எம் 17938 என்ற வேறு வகை. பெயர் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை. மறுபடியும் வராமல் தடுக்கும் என்பதும் நிரூபணமாகவில்லை. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2015-இல் தந்த வழிகாட்டியே அதற்காகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னது.

வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கத்தான் என்றால், சாக்கரோமைசிஸ் பவுலார்டி பொருத்தமாக இருக்கும். இது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். 1920-களில் பவுலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லைச்சி, மங்குஸ்தான் தோலிலிருந்து பிரித்தெடுத்தது. ஈஸ்ட் என்பதால் அண்டிபயாட்டிக் இதைக் கொல்லாது, நேர இடைவெளி பார்க்க வேண்டியதில்லை. 250 மில்லிகிராம், காலையும் மாலையும், மருந்து முடிந்த பிறகும் சில நாள். ஆறிய தண்ணீரில் கலக்குங்கள், சுடுநீரில் செத்துவிடும். புற்றுநோய் மருந்து எடுப்பவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், கழுத்திலோ நெஞ்சிலோ ரத்தக் குழாய்க்குள் டியூப் வைத்திருப்பவர் தொடவே கூடாது, ஈஸ்ட் ரத்தத்தில் கலந்துவிடலாம். புளூகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து சாப்பிட்டால் இது வீண்.

லாக்டோபசில்லஸ் வகை என்றால் அண்டிபயாட்டிக்கிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். பிரிட்டனில் 65 வயது தாண்டிய ஏறத்தாழ 3,000 பேரிடம் செய்த சோதனை 2013-இல் வெளிவந்தது, பலன் தெரியவில்லை. 2018-இல் வந்த இஸ்ரேல் ஆய்வு ஒன்றில், அண்டிபயாட்டிக் முடிந்ததும் பலவகைக் கிருமி கலந்த புரோபயோட்டிக் எடுத்தவர்களுக்குக் குடலின் சொந்தக் கிருமிகள் திரும்பிவரத் தாமதமே ஆனது. குட்டிப் பாட்டில் புளித்த பாலில் சர்க்கரை உண்டு, இனிப்பு நீர்க்காரர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு மோர் போதுமே என்று கேட்பீர்கள். குடிக்கலாம், ஆனால் அதை மருந்து என்று சொல்ல மாட்டேன்.

உண்மையில் தப்பு நடப்பது மற்ற மாத்திரைகளில். இந்த நோய்க்குப் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். அமோக்ஸிசிலின்-கிளாவுலானேட் 625 மில்லிகிராம் என்றால் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், வயிற்றைக் குறைவாகக் கலக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கூடவே கூடாது. சிப்ரோபிளாக்சசினும் மெட்ரோனிடசோலும் என்றால் கவனம் இரட்டிப்பு. சிப்ரோவைப் பால் டீயோடோ மைலோவோடோ விழுங்கினால் சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏறாது. இரும்பு மாத்திரை, அமிலத்தை முறிக்கும் கேஸ்டிரிக் மருந்து எடுப்பவர் அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சிப்ரோவை வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா கிளிக்லசைட் மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா? சிப்ரோவோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கஞ்சி மட்டும் குடிக்கும் நாட்களில் இது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் இன்றே கேளுங்கள், கையில் மிட்டாய் இருக்கட்டும். குதிகால் தசைநார் வலித்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

மெட்ரோனிடசோல் எடுக்கும்போதும் முடிந்து 48 மணி நேரம் வரையும் கள், பீர் கூடாது. புளிக்க வைத்த தாப்பாய்ப் பண்டமும் கூடாது, அதிலும் சாராயச் சத்து உண்டு. வாயில் இரும்புச் சுவை வருவது சாதாரணம், பயப்பட வேண்டாம்.

வலிக்குப் பொன்ஸ்டான், வோல்டரன் கொடுக்காதீர்கள். தோட்டத்து வேலைக்காரர் வீட்டில் முதுகு வலிக்கென்று ஒரு அட்டை எப்போதும் இருக்கும், கை தானாக அங்கே போகும். அந்த வகை மாத்திரை பையை ஓட்டையாக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது. பாராசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணிக்கொரு தரம், நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு இருந்தால் அதுவும் குறைய வேண்டும். குடலைக் கழுவுகிறேன் என்று விளக்கெண்ணெய் ஊற்றுவது இன்னும் மோசம்.

சாப்பாடு: முதல் இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய சூப். வலி தணிந்ததும் குழைந்த சோறு, இட்லி, அவித்த மீன். கீரை, பருப்பு, பழமெல்லாம் முழுக்க ஆறிய பிறகு மெல்ல மெல்ல. கொய்யா விதையும் கச்சானும் பைக்குள் மாட்டிக்கொள்ளும் என்பது பழைய பயம். 47,000-க்கு மேற்பட்ட ஆண்களைப் பல வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2008-இல் அதைத் தள்ளிவிட்டது.

அந்த 180 வெள்ளி டப்பா விஷயம் வயிற்றெரிச்சல். கேள்விக்கு வெளியே போகிறேன் என்று சொல்வீர்கள், போகட்டும். கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு, இனிப்பு நீருக்கும் முட்டி வலிக்கும் குடலுக்கும் ஒரே பொடி என்று விற்கிறார்கள். விற்கிற அக்காக்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் முதல் போட்டு மாட்டிக்கொண்டவர்கள்தான். டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் தளத்தில் தட்டினால் பெயர் வர வேண்டும். டப்பாவில் போட்ட கிருமி எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாளுக்கா என்றும் பாருங்கள். உச்சி வெயிலில் காரின் பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் கிடந்த பொடியில் எத்தனை கிருமி உயிரோடு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

காய்ச்சல் 38-க்கு மேல் போனால், வயிறு பலகை மாதிரி இறுகினால், வாந்தி நிற்காவிட்டால், காற்றுப் பிரியாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், சிறுநீரில் காற்றுக் குமிழி வந்தால் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார வேண்டாம், நேரே அவசரப் பிரிவு. மூன்று நாளில் வலி குறையாவிட்டாலும் திரும்பிப் போங்கள். பேதி நாற்றத்தோடு ஓயாமல் போனால், மருந்து முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும், பேதி நிறுத்தும் மாத்திரை வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கத் தேதி கொடுத்திருந்தால் வலி போய்விட்டதென்று விட்டுவிடாதீர்கள், புற்றுநோயும் ஸ்கேனில் இப்படித் தெரியலாம். அப்பாவின் மாத்திரை அட்டைகளில் உள்ள பெயர்களைக் கீழே எழுதுங்கள், நேரத்தைக் குறித்துத் தருகிறேன். டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால் இன்றைக்கே அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சீல் உடைந்த பிறகு அவர்கள் திரும்ப வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.