பித்தளைத் தோட்டா உறைகளை ஓவனில் அனீல் செய்யலாமா?

கேள்வி: உரிமம் பெற்ற ரைபிளுக்கு நானே ரீலோடிங் செய்கிறேன், அதாவது சுட்ட உறையில் மருந்தும் குண்டும் திரும்ப நிரப்புகிறேன். ஐந்தாறு முறை சுட்ட உறைகளின் கழுத்தில் விரிசல் விழுகிறது. எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, ஓவனில் வைத்து மொத்தமாக அனீல் செய்யலாமா (சூடாக்கி இளக்கலாமா)? பிறகு தண்ணீரில் போட வேண்டுமா?

பதில்: ஓவன் வேண்டவே வேண்டாம். மற்ற தவறுகளில் உறைதான் வீணாகும், இதில் கண்ணே போகலாம்.

உறையின் பித்தளையில் சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுடும்போது கழுத்து விரிகிறது, ரீலோடிங்கில் உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை அதைத் திரும்ப நெருக்குகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் இறுகி முறிவதைப் போலத்தான் அங்கே விரிசல் விழுகிறது. சூடு காட்டினால் உலோகத்தின் படிகங்கள் புதிதாக உருவாகி, பித்தளை மறுபடி இளகும். ஆனால் இந்த இளக்கம் கழுத்துக்கும், அதன் கீழே உறை சரிந்து அகலும் தோளுக்கும் மட்டும்தான் தேவை. அடிப்பாகத்தைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றேதான் கடினமாக்கியிருக்கிறார்கள். பல ரைபிள் தோட்டாக்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டும். அடி இளகிவிட்டால் அது பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துப் பக்கம் பீறிடும். ஒரு மணி நேரம் வைத்தால் 250 டிகிரி செல்சியஸிலேயே பித்தளை இளகத் தொடங்கிவிடும். அந்தச் சூடு ஓவனில் அடிக்கும் சேர்ந்தே ஏறும்.

சரி, எப்படிச் செய்வது? ப்ரைமரை (அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) கழற்றி, கழுவி, காயவைத்த வெற்று உறையை மட்டும் எடுங்கள். வெடிமருந்தும் ப்ரைமர்களும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும். டிரில்லில் மாட்டிய சாக்கெட்டுக்குள் உறையின் அடியை நிறுத்தி மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, புரொபேன் டார்ச்சின் நீலச்சுடர் நுனியைக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காட்டுங்கள். சில விநாடிகளே போதும். எத்தனை விநாடி என்பது உறையின் தடிமனையும் சுடரையும் பொறுத்தது. அதனால் வெப்பம் காட்டும் திரவத்தை வாங்கிக்கொள்ளுங்கள்: 400 டிகிரியில் உருகுவதைக் கழுத்தின் உட்புறமும், 230 டிகிரியில் உருகுவதைத் தோளுக்குக் கீழே உடம்பிலும் தடவுங்கள். முதலாவது உருகியதும் சுடரை எடுங்கள். இரண்டாவதும் உருகியிருந்தால் நேரம் அதிகம். இதற்காக இரண்டு மூன்று உறைகள் வீணானாலும் பரவாயில்லை. கழுத்து பளிச்சென்று சிவக்கும்வரை காய்ச்சுவது தவறு, அப்புறம் அது குண்டைப் பிடிக்காது.

தண்ணீரில் போடுவது உங்கள் விருப்பம். எஃகைப் போலப் பித்தளை தண்ணீர் பட்டால் இறுகாது, சூடு கீழே பரவுவது மட்டும் நிற்கும். போட்டால் உள்ளே ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

கழுவும் திரவத்தில் அம்மோனியா இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. அம்மோனியாவும் ஈரமும், பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது.

ஏற்கெனவே விரிசல் விழுந்த உறையை அனீலிங் காப்பாற்றாது. ஓவனில் ஏதாவது வைத்துப் பார்த்திருந்தால், யாரும் தவறி எடுத்துவிடாதபடி அவற்றையும் குறடால் நசுக்கிப் போட்டுவிடுங்கள்.