துணியும் நாற்காலியும் பார்க்கப் போவது வீண் வேலையா?

குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் ஒரு தந்தையின் கேள்வி இது. பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு டிசைன் படிக்க ஆசை. லீவு நாளில் மியூசியம், கண்காட்சி என்று கூட்டிப்போகச் சொல்கிறாள். அந்த நேரத்தில் டியூஷன் போனால் நாலு மார்க்காவது கூடுமே, பழைய துணியையும் நாற்காலியையும் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார்.

ஐயா, தயங்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரியின் பி.டெஸ். (டிசைன் பட்டப்படிப்பு) சேர்க்கையில் எழுத்துத் தேர்வுகளைத் தாண்டியவர்கள், அங்கே கொடுக்கும் பொருள்களை வைத்து ஒரு மாதிரி செய்து காட்ட வேண்டும். தேசிய டிசைன் கல்லூரியான என்.ஐ.டி.யில் இரண்டாம் கட்டமாக, கையால் செய்து காட்டும் ஸ்டுடியோ டெஸ்ட் இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் டிசைன் படிக்க எழுதும் யூசீட் தேர்விலும் கையால் வரையும் பகுதி உண்டு. ஒரு பொருளைப் பார்த்ததும் அது ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இவை கஷ்டமில்லை. அந்தப் பழக்கம் கைடு புத்தகத்தில் வராது.

முதல் பயணத்துக்கு வேலூர்க் கோட்டையே போதும். 1805 நவம்பரில் ஆங்கிலேயரின் மதராஸ் ராணுவத்தில் இருந்த நம் சிப்பாய்களுக்குப் புது உடை விதி வந்தது. நெற்றியில் சின்னம் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைச் சொன்ன அளவில் வெட்ட வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும். 1806 ஜூலை 10 விடியுமுன்னே கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கி வெடித்தது, அதுதான் வேலூர்க் கிளர்ச்சி. திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்ததும் சேர்ந்துகொண்டது என்றாலும், மூட்டிவிட்ட தீ அந்த உடைதான். உடுத்தப்போகிறவன் யார், அவன் எதை மதிக்கிறான் என்று கேட்காமல் உடை வடிவமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. அதை அந்த இடத்திலேயே நின்று மகளுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் கோட்டைக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கனுடைய தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. துண்டுகளை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று கண்ணாலேயே தேடட்டும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் குதிரைமேல் இருப்பவர்களின் தலைக்கட்டையும் இடைக்கச்சையையும் நோட்டில் வரையட்டும். வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, மற்ற நாளிலும் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

எங்கே போனாலும் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று பொருள் போதும், ஒவ்வொன்றின் முன்னும் கால்மணி நேரம். உடை என்றால் தையல் எங்கே ஓடுகிறது, கரை எந்தப் பக்கம் வந்திருக்கிறது, எங்கே நைந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். நாற்காலி என்றால் ஆணி அடித்ததா, கட்டையைக் கட்டைக்குள் நுழைத்துப் பொருத்தியதா, இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம். துணி வைத்த அறை இருட்டாக இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறும், இழை பலமிழக்கும். அதனால்தான் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து வைக்கிறார்கள்.

உடையையும் மரச்சாமானையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால், இரண்டும் ஒரே உடம்புக்காகச் செய்தவை. 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் பெண்களின் பாவாடை அகலமானபோது, அது அடங்கி உட்காரும்படி நாற்காலியின் கைகளைப் பின்னுக்குத் தள்ளிச் செய்தார்கள். சம்மணம் போட்டு உட்காரும் நம் வீடுகளில் பெட்டியும் உட்காரும் மணையும் தாழ்வாக இருந்ததற்கும் இப்படிக் காரணம் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, கேரளத்து மரவீடு என்று வீட்டுக்குள்ளேயே நடந்து இதைப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. பயணச் செலவு கட்டுப்படியாகாத மாதத்தில் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளம் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் சாயம் போட்டு அனுப்பிய துணி ஐரோப்பாவில் கவுனாக மாறிய கதையை அதில் பார்க்கலாம், காசு வேண்டாம்.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது ஐயா. நீளவாக்கில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது, இது தறியில் வந்த டிசைனா, பிறகு அச்சடித்ததா என்று பார்த்த உடனே சொல்லக்கூடியவர் நீங்கள். அதைச் சொல்லித்தர ஒரு கோச்சிங் சென்டராலும் முடியாது. பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

சில முறை போனபிறகும் நோட்டில் ஒன்றும் இல்லை, போனில் செல்ஃபி மட்டும்தான் என்றால், அவளுக்குப் பிடித்திருப்பது ஃபேஷனின் பளபளப்பாக இருக்கலாம். திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள், வேறு படிப்பை யோசிக்க அப்போதும் நேரம் இருக்கும். நோட்டு நிறைந்தால் தைரியமாக இருங்கள். வேலை வெகுதூரத்தில் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல், ஷூ தொழிலுக்கு வடிவமைக்கத் தெரிந்தவர்கள் தேவை. சென்னை நிஃப்டில் லெதர் டிசைனும் இருக்கிறது.

நிஃப்ட், என்.ஐ.டி. இரண்டிலும் பி.டெஸ். படிக்க பிளஸ் டூவில் எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. நிஃப்டின் பி.எஃப்.டெக். என்ற ஆடைத் தொழில்நுட்பப் படிப்புக்கு மட்டும் கணக்கு வேண்டும். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் டிசைன் கல்லூரிகளில், படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று அவர்களிடமே பேசித் தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள். முக்கியமாக இன்னொன்று: நெசவாளர், கைவினைஞர் பிள்ளைகளுக்கென்று நிஃப்டில் தனியாக ஒரு சேர்க்கை வழி இருக்கிறது, அதற்கு அரசு தரும் அடையாள அட்டை தேவை. உங்கள் நெசவாளர் அட்டையில் பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று இந்த மாதமே பார்த்து, இல்லையென்றால் திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.