மரீன் அதிகாரி, பதவி உயர்வு, பச்சை – கடிதம்

அன்புள்ள சார்,

நாங்கள் வட கரோலினாவில் இருக்கிறோம். மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் சாப்பிடும்போது, அமெரிக்க ராணுவத்தில் கடலிலிருந்து கரையேறிச் சண்டையிடும் மரீன் படையில் அதிகாரியாகச் சேரப்போகிறேன் என்றான். அவன் அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்குக் கோபமில்லை, ஒன்றும் புரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அந்தப் பக்கத்தில் இருப்பதால் கேட்கிறேன்.

பயிற்சி நடுவில் பிடிக்காவிட்டால் வெளியே வரமுடியுமா? படித்த படிப்புக்கேற்ற வேலை தருவார்களா? பதவி உயர்வு நம் ஊர் அரசு வேலை போல சர்வீஸ் கணக்கா? ஏற்கெனவே முன்கையில் வேல் பச்சை குத்தியிருக்கிறான். இன்னொரு கையில் தோள் வரை திருக்குறள் குத்தவேண்டுமாம். மதுரையில் இருக்கும் என் அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டார். பச்சை இருந்தால் சேர்க்கமாட்டார்கள் என்கிறார்களே, நிஜமா? சேர்ந்தபிறகு டாக்டருக்குப் படிக்க வைப்பார்களா என்று அவன் அம்மா கேட்கச் சொன்னாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மரீன் படையில் டாக்டரே கிடையாது. மருத்துவர், நர்ஸ், பாதிரியார் மூவரையும் கடற்படைதான் அனுப்புகிறது. போர்முனையில் மரீன்களுக்குக் கட்டுப்போடுபவர்கூட கடற்படை ஆள்தான். ஆகவே உங்கள் வீட்டம்மா அந்த வழியாக ஒரு ஸ்டெதாஸ்கோப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி பச்சை. இதைக் கேட்காத பையன்களே இல்லை, ஆனால் உள்ள கேள்விகளில் இதுதான் ஆகச் சிறியது. 2007ல் முழுக்கைப் பச்சைக்குத் தடை வந்தது. அதிகாரிகளுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இருந்தது. 2021 அக்டோபரில், ஜெனரல் டேவிட் பெர்கர் தளபதியாக இருந்தபோது, அதைத் தளர்த்தினார்கள். தலை, கழுத்து, மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதி ஆகியவை கூடாது. விரலில் மோதிரம் போல மெல்லிய ஒற்றைப் பட்டைக்கு விதிவிலக்கு உண்டு. மற்ற இடத்தில் குத்திக்கொள்ளலாம், முழுக்கையும் சேர்த்து. குறள் தோளிலிருந்து இறங்கி மணிக்கட்டுக்கு முன்பே முடிந்துவிடவேண்டும். ஏழே சீர்தானே, இடம் போதும்.

எங்கே குத்துகிறோம் என்பது போலவே என்ன குத்துகிறோம் என்பதும் முக்கியம். இனவெறி, பெண்களை இழிவுபடுத்துவது, போதைப்பொருள், கேங்க் அடையாளம், தீவிரவாதம், ஆபாசம் எதற்கும் அனுமதியில்லை. விண்ணப்பத்தின்போதே ஒவ்வொரு பச்சையையும் காட்டி, என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியிருக்கும். வேலில் வில்லங்கமில்லை. குறளை ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொல்ல அவனுக்குத் தெரியட்டும். ஸ்வஸ்திகா மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம். நம் வீட்டில் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவோம், கிரகப்பிரவேசத்தில் வாசலில் எழுதுவோம். ஒரு தேர்வு அதிகாரியின் கண்ணுக்கு அது வேறொன்று. விளக்கம் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று நினைப்பது அசட்டுத்தனம்.

என் யோசனை, சேரும்வரை புதிதாக எதையும் குத்தவேண்டாம். இந்த விதி தளபதிக்குத் தளபதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று சரியென்பது அவன் கையெழுத்துப் போடும் நாளில் எப்படியிருக்குமோ. அப்புறம் உங்கள் அம்மாவிடம், அவருடைய அம்மாவின் கையில் பச்சை இருந்ததா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். மதுரைப் பக்கம் அந்தத் தலைமுறையில் இல்லாத கைகளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பயிற்சிக்கு வருகிறேன். எல்லாம் வர்ஜீனியாவில் உள்ள குவாண்டிகோவில். என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அக்கம்பக்கத்தில் அங்கே வேலை பார்த்தவர்களும் பார்ப்பவர்களும் நிறைய. உங்கள் மகனுக்குப் பொருந்தும் வழிக்கு பிஎல்சி என்று பெயர். கல்லூரியில் படித்துக்கொண்டே கோடை விடுமுறையில் போவது. முதல் இரண்டு ஆண்டுகளில் விண்ணப்பித்தால் ஆறு ஆறு வாரமாக இரண்டு கோடை. மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்தால் ஒரே மூச்சில் பத்து வாரம். பட்டம் வாங்கியபிறகு போகிறவர்களுக்கும் பத்து வாரம்தான்.

இதை ராணுவப் பள்ளி என்று நினைத்தால் தப்பு. ஓசிஎஸ் (அதிகாரி வேட்பாளர் பயிற்சி) என்ற அந்த இடத்தின் முதல் வேலை கற்றுக்கொடுப்பதல்ல, சலித்தெடுப்பது. மதிப்பெண்ணில் பாதி தலைமைப் பண்புக்கு, கால் பங்கு பாடத்துக்கு, கால் பங்கு உடல் தகுதிக்கு. பயிற்சியில் இருப்பவன் ‘நான்’ என்று பேசக்கூடாது, ‘இந்த கேண்டிடேட்’ என்றுதான் தன்னைச் சொல்லவேண்டும். தூக்கமில்லாமல், காதருகே சார்ஜண்ட் கத்திக்கொண்டிருக்க, திடீரென்று ஒருநாள் பிளாட்டூன் என்ற படைக்குழு முழுவதையும் நடத்து என்பார்கள். முந்தின நாள் வரை தோளோடு தோள் நின்ற பையன்கள், அவன் சொல்வதைக் கேட்கவேண்டும். க்விக்லி என்று ஒரு தடைப்பாதை உண்டு. சேறும் குளிர்ந்த தண்ணீரும் நிறைந்த ஓடையில் முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து, ஓரிடத்தில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் குழாய்க்குள் நுழைந்து, துப்பாக்கியை விடாமல் மறுபக்கம் வரவேண்டும். பலசாலிகள் அங்கே தயங்கி நிற்பதும், ஒல்லியானவன் சத்தமில்லாமல் போய்விடுவதும் உண்டென்று கேள்வி.

வெளியே வரமுடியுமா என்றீர்கள். முடியும். பிஎல்சியின் பெரிய நன்மையே அதுதான். குறிப்பிட்ட காலம் ஆனபிறகு தானே விலகிக்கொள்ளலாம். இரண்டு கோடையையும் முடித்து, பட்டம் வாங்கி, கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், ஏற்கும் நாளில்கூட வேண்டாம் என்று சொல்லலாம். நடுவில் அவர்களிடமிருந்து படிப்புக்குப் பணம் வாங்கியிருந்தால்தான் திருப்பிக் கட்டும் சிக்கல். ஏற்றுக்கொண்டால் மொத்தம் எட்டு ஆண்டுக் கடப்பாடு. அதில் முதல் நாலு ஆண்டு வாக்கில் முழுநேரப் பணி, மீதி தேவைப்பட்டால் கூப்பிடும் ரிசர்வ். விமானி என்றால் பயிற்சி முடித்துச் சிறகுச் சின்னம் வாங்கிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு ஆண்டு.

கமிஷன் வாங்கினபிறகு டிபிஎஸ் என்ற பள்ளியில் ஏறக்குறைய ஆறு மாதம். வக்கீலாக வந்தவனும் விமானம் ஓட்டப்போகிறவனும் கணக்கு வழக்கு பார்க்கப்போகிறவளும் எல்லாருமே அங்கே காலாட்படை பிளாட்டூனை நடத்தக் கற்றாகவேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்காது. மெக்கானிக்கல் படித்ததற்கும் கிடைக்கப்போகும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய அவசியமில்லை. வக்கீல், விமானி ஒப்பந்தங்களுக்குத்தான் பொதுவாக முன்கூட்டி உத்தரவாதம். மற்றவர்கள் விருப்பப் பட்டியல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஒதுக்கும் முறையும் விசித்திரமானது. நெடுங்கால வழக்கப்படி, வகுப்பை ரேங்க் வாரியாக மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் முதலில் நிற்பவர்களுக்கு அந்தப் பங்குக்கான இடங்களில் முன்னுரிமை. ஆகவே 100 பேரில் 33ஆம் ரேங்க் வாங்கி முதல் பங்கின் கடைசியில் நிற்பவனைவிட, இரண்டாம் பங்கின் தொடக்கத்தில் நிற்கும் 35ஆம் ரேங்க்காரனுக்குக் கேட்டது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கெட்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே துறையில் போய்க் குவியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சப்ளை அதிகாரியாகி, பண்டகசாலையில் சாமான் கணக்குப் பார்க்கவும் அவன் தயாராக இருக்கிறானா? இதை மட்டும் அவனிடம் கேளுங்கள். சண்டைப்பட மோகத்தில் கிளம்புகிறானா, நிஜமாகவே ஆசைப்படுகிறானா என்று பதிலில் தெரிந்துவிடும்.

இனி பதவி உயர்வு. முதல் இரண்டு படிகள் நம் ஊர் சர்வீஸ் கணக்கு மாதிரிதான். செகண்ட் லெப்டினன்ட்டாகச் சேர்ந்தால், பெரிய தவறு எதுவும் செய்யாத பட்சத்தில், இரண்டு ஆண்டில் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், நாலாம் ஆண்டு வாக்கில் கேப்டன். அதற்கு மேல் கதையே வேறு. அதிகாரிகளின் பதவி உயர்வு பற்றி 1980ல் வந்த சட்டத்தை ஒட்டிய வழிகாட்டுதலில், பத்தாம் ஆண்டு வாக்கில் மேஜர் ஆகிறவர்கள் 80 சதவீதம், பதினாறாம் ஆண்டு வாக்கில் லெப்டினன்ட் கர்னல் 70, இருபத்திரண்டாம் ஆண்டு வாக்கில் கர்னல் 50. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கேப்டன்களில் 80 பேர் மேஜர், 56 பேர் லெப்டினன்ட் கர்னல், 28 பேர் கர்னல். தாங்களாகவே விலகிப்போனவர்களைச் சேர்க்காத கணக்கு இது. ஜெனரல்களோ படை முழுவதற்கும் நூறு பேர்கூட இல்லை.

நம் ஊர் ஆபீசில் பிரமோஷன் வராவிட்டால் அதே நாற்காலியில் ரிட்டயர் ஆகும்வரை உட்கார்ந்திருக்கலாம். இங்கே முடியாது. மேஜர் தேர்வில் இரண்டு முறை தவறிய கேப்டன் பெரும்பாலும் வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான். அவன் மட்டமானவன் என்று அதற்கு அர்த்தமில்லை. மேலே போகப்போக இடம் குறையும்படிதான் இந்த ஏற்பாட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

தேர்வு வாரியம் அவனை நேரில் பார்ப்பதில்லை. நேர்காணல் கிடையாது. 2020ல் புகைப்படத்தை முன்னால் வைப்பதைக்கூட நிறுத்தினார்கள். பார்ப்பது காகிதத்தை, அதிலும் முக்கியமாக ஃபிட்னஸ் ரிப்போர்ட்டை. பெயரைப் பார்த்து உடற்பயிற்சி அறிக்கை என்று நினைக்கவேண்டாம். நேரடி மேலதிகாரி ஒவ்வொரு பண்புக்கும் ஏ முதல் ஜி வரை குறிப்பார், ஜிதான் உச்சம். அவருக்கும் மேலே உள்ளவர் ஒரு படத்தில் குறிப்பார். அடியில் அகலமாகவும் உச்சியில் ஒரே ஆளாகவும் அடுக்கியிருக்கும் அந்தப் படத்துக்கு அவர்களே வைத்த பெயர் கிறிஸ்துமஸ் மரம். எந்தத் தட்டில் நம்மை வைக்கிறார் என்பது ஒரு புள்ளியில் முடிந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மார்க் அப்படியே கணக்கில் ஏறுவதில்லை. அந்த அதிகாரி அதே பதவியில் இதுவரை மதிப்பிட்ட எல்லாரோடும் ஒப்பிட்டு 80 முதல் 100 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறார்கள். வாரி வழங்குகிறவரிடம் நல்ல மார்க் வாங்கினவனுக்கு 85 வரலாம். கஞ்சனிடம் சுமாராக வாங்கினவனுக்கு 97 வரலாம். நம் பல்கலைக்கழகங்களில் விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நாகரிகம் கருதி விட்டிருப்பீர்கள். 2025ல் புதிய செகண்ட் லெப்டினன்ட்டுக்கு மாத அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய 4,000 டாலர். வீட்டுப்படி தனி. இருபது ஆண்டு முடித்தால்தான் ஓய்வூதியம், அடிப்படைச் சம்பளத்தில் நாற்பது சதவீதம். ஒரு மெக்கானிக்கல் பட்டதாரிக்கு வெளியே இதைவிட அதிகம் கிடைக்கும். பணத்துக்காகப் போகிறவன் அங்கே நிலைக்கமாட்டான்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்போம். மரீன் அதிகாரிகளின் வழக்கம் நேர்தலைகீழ். களத்தில் சாப்பாடு வந்தால் கடைசிச் சிப்பாய் வாங்கியபிறகுதான் அதிகாரி தட்டை எடுப்பார். தீர்ந்துபோனால் பட்டினி. அதிகாரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் எழும் ஜீப், டவாலி, சலாம் எல்லாவற்றையும் உங்கள் சொந்தக்காரர்களிடமும் கொஞ்சம் கலைத்துவிடுங்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியவை. மகன் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன், ஆகவே முதல் தடை இல்லை. கிரீன் கார்டில் இருப்பவர் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. ரகசியப் பாதுகாப்பு அனுமதிக்கு எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம் உண்டு. வெளிநாட்டு உறவினர்கள், வெளிநாட்டுச் சொத்து, பயணம் எல்லாம் கேட்பார்கள். ஊரில் அவன் பெயரில் மனையோ வங்கிக் கணக்கோ வைத்திருந்தால் அவனுக்கே தெரியாமல் இருக்கலாம், இப்போதே சொல்லிவிடுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் அதையும் எழுதட்டும். இந்தியாவில் பாட்டி இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் சிக்கலில் கொண்டுபோய் விடும். பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்திருந்தாலும் அதேதான். தனி விலக்கு கேட்கலாம், ஒளிக்கக்கூடாது.

கடைத்தெருவில் இருக்கும் சாதாரண ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு அவன் போகவேண்டாம், அங்கே சிப்பாய்களை எடுப்பார்கள். கல்லூரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர் செலக்‌ஷன் ஆபீசர் என்று தனியாக ஒருவர் உண்டு. அவரிடம்தான் போகவேண்டும். முதலில் உடல் தகுதித் தேர்வு வைப்பார்: புல்-அப், பிளாங்க், மூன்று மைல் ஓட்டம். மொத்தம் 300. ஆண்களுக்கு ஓட்டத்தில் முழு மதிப்பெண் வேண்டுமானால் 18 நிமிடத்தில் முடிக்கவேண்டும். ஜஸ்ட் பாஸ் அங்கே செல்லாது. இன்று எத்தனை நிமிடத்தில் ஓடுகிறான் என்று கேட்டு எழுதுங்கள். அந்த அதிகாரிக்கு அவனே போன் பண்ணட்டும், நீங்கள் பண்ணவேண்டாம். அப்பா பேசினால் அங்கேயே ஒரு மார்க் குறைந்துவிடும்.