ஸ்டுட்கார்ட்டுக்கும் இலந்தைக்குளத்துக்கும் நடுவுல

தம்பி, உங்க கேள்வியை மத்தவங்களுக்காக ஒரு வரியில சொல்லிடறேன். மேலூர்க்காரர், ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் வந்து ரெண்டு மாசம். டீமில நாலு பேர் அங்க, ஆறு பேர் மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில, ரெண்டு பேர் நியூயார்க்கில. "கம்யூனிகேஷன் போதாது"ன்னு மேனேஜர் சொல்லிட்டார். இங்கிலீஷ் வகுப்புல சேரவா, ஜெர்மன் வகுப்புல சேரவா?

ஜெர்மன் எப்படியும் படிங்க, வீடு பாக்கவும் டாக்டர்கிட்ட போகவும் வேணும். ஆனா இந்தக் குறைக்கு அது மருந்தில்ல. இங்கிலீஷும் காரணமில்லைன்னு நீங்க எழுதியிருக்கிற விதத்துலயே தெரியுது. வேலை எந்த நிலைமையில இருக்குங்கிறது மேனேஜர் வந்து கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரியவருது, அதுதான் அவருக்கு இடிக்குது. மதுரையில டீம் லீட் பக்கத்து சீட்டுல இருப்பார், டீ குடிக்கப் போற வழியில பாதி விஷயம் பேசி முடிஞ்சிரும். இங்க அது அத்தனையும் எழுத்துல வரணும், கேக்கறதுக்கு முன்னாடியே வரணும்.

முதல்ல நேரக் கணக்கைச் சரி பண்ணுங்க. இந்தியாவுல கடிகாரத்தை மாத்தறதில்ல, ஜெர்மனியில கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சு, குளிர்காலத்துக்குத் திரும்ப மாத்துவாங்க. அதனால கோடையில மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல நாலரை. உங்க ஸ்டாண்டப் (டீம் தினமும் கூடுற சின்ன மீட்டிங்) காலை 9:30க்குன்னு சொல்றீங்க. கோடையில அது மதுரையில மதியம் 1 மணி, எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம். கேமராவை அணைச்சுட்டு "ஓகே"ன்னு மட்டும் சொல்றாங்கன்னா வேற காரணம் தேட வேணாம். 10:30க்குத் தள்ளுங்க, கோடையில அவங்களுக்கு 2 மணி, குளிர்ல 3. நியூயார்க் காலை 9ங்கிறது உங்களுக்கு மாலை 3, மதுரைக்குக் கோடையில 6:30, ஆபீஸ் பஸ் கிளம்புற நேரம். மூணு ஊரும் சேரணும்னா வாரத்துல ஒரு நாள் போதும், தினமும் இழுக்காதீங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. அமெரிக்காக்காரங்க மார்ச் ரெண்டாவது ஞாயிறே கடிகாரத்தை மாத்திருவாங்க, ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறுதான். திரும்ப மாத்தறது இங்க அக்டோபர் கடைசி ஞாயிறு, அங்க நவம்பர் முதல் ஞாயிறு. மார்ச்ல நடுவுல வர்ற ரெண்டு மூணு வாரமும், அக்டோபர் கடைசியில ஒரு வாரமும், நியூயார்க்கோட வித்தியாசம் ஆறு மணி இல்ல, அஞ்சு. யார் காலண்டர்ல மீட்டிங் போட்டாங்களோ அவங்க ஊர் நேரம் அப்படியே நிக்கும், மத்தவங்களுக்குத்தான் நகரும். அந்த வாரங்களுக்கு முன்னாடி மூணு ஊர் நேரத்தையும் சேர்த்து ஒரு வரி போட்டு விடுங்க.

அடுத்தது மெசேஜ். "ஹாய், இருக்கீங்களா?"ன்னு போட்டுட்டுக் காத்திருக்கிறது நம்ம மரியாதை. மதுரையில இருந்து வெள்ளன 9:30க்கு அப்படி ஒருத்தர் போட்டா அப்ப ஸ்டுட்கார்ட்ல கோடையில காலை 6. பதில் வர்றப்ப மதுரைக்காரர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார், அவர் விஷயத்தைச் சொல்றப்ப ஸ்டுட்கார்ட்காரர் மீட்டிங்ல இருப்பார், பொழுது போயிரும். ஒரே மெசேஜ்ல முழுசா எழுதணும். மாதிரிக்கு ஒண்ணு:

"கட்டணப் பக்கத்தோட டெஸ்ட் சர்வர்ல நேத்து மாலை 4 மணியிலிருந்து (மதுரை நேரம்) 500 பிழை வருது. ரீஸ்டார்ட் பண்ணியும் மாறல. லாக் இணைச்சிருக்கேன். டேட்டாபேஸ் அனுமதி போயிருக்கும்னு சந்தேகம். இன்னைக்கு உங்க நேரம் 12க்குள்ள அனுமதியைப் பாத்துச் சொன்னா இன்னைக்கே முடிப்பேன். இல்லேன்னா ரிலீஸ் வெள்ளிக்கிழமைக்குப் போகும்."

கடைசி வரியைத்தான் நம்ம ஆளுங்க விட்டுருவாங்க. பெரியவங்களை மிரட்டுற மாதிரி இருக்குமோன்னு ஒரு கூச்சம். இங்க அது மிரட்டல் இல்ல, மேனேஜர் முடிவெடுக்க அந்த ஒரு வரிதான் தேவை.

"90 சதவீதம் முடிஞ்சது", "கிட்டத்தட்ட ஆச்சு" ரெண்டையும் விட்டுருங்க. "மூணு டெஸ்ட் பாக்கி, அதுல ஒண்ணு ஓடல"ன்னு எழுதுங்க. வெள்ளிக்கிழமை முடியாதுன்னு செவ்வாய்க்கிழமையே வாடை அடிச்சா, செவ்வாய்க்கிழமையே சொல்லிருங்க. தாமதத்தை ஜெர்மன்காரங்க பொறுத்துக்குவாங்க, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குத் தெரியவர்றதைப் பொறுக்க மாட்டாங்க.

இனி உங்களுக்கு மட்டும் இருக்கிற சிக்கல். மதுரைப் பசங்க ஆறு பேரும் உங்ககிட்டத் தமிழ்ல பேசுவாங்க, வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு கட்டாயம் இருக்கும். "அண்ணே, இது வியாழக்கிழமைக்குள்ள முடியாதுண்ணே, நீங்க பைய சொல்லிருங்க"ன்னு வரும். பாசத்துல நீங்களும் தலையாட்டுவீங்க. அன்னையிலிருந்து நீங்கதான் தூது. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெரியாத விஷயம் உங்களுக்குத் தெரியும், வேலை நின்னா கேள்வி உங்ககிட்டதான் வரும். பசங்க பேரும் மேல யாருக்கும் தெரியாமப் போகும், அவங்களுக்கும் அது நட்டம். தமிழ்ல பேசுறதை நிறுத்த வேணாம், தாராளமாப் பேசுங்க. பேசி முடிச்சதும் ரெண்டு வரி இங்கிலீஷ்ல, டீம் முழுக்கப் பாக்கிற பொதுச் சேனல்ல வரணும், அதை எழுத வேண்டியது சம்பந்தப்பட்ட பையன், நீங்க இல்ல. முதல் ரெண்டு தடவை பக்கத்துல இருந்து எழுத வைங்க, பிறகு அவனே எழுதுவான்.

மீட்டிங்ல "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க, இல்லைன்னு எவனும் சொல்ல மாட்டான். அவங்க "ஓகே"ங்கிறது காதுல வாங்கிட்டேன்னு அர்த்தம், ஸ்டுட்கார்ட்ல அதை ஒப்புக்கிட்டதா எடுத்துக்கிறாங்க. "நீ எதை, என்னைக்குள்ள முடிக்கிறே? நீயே சொல்லு"ன்னு கேளுங்க. அதை அப்படியே மீட்டிங் குறிப்புல பேர், தேதியோட எழுதிருங்க.

தேதின்னதும், 03/04ன்னு எழுதாதீங்க. ஜெர்மனியில ஏப்ரல் 3, நியூயார்க்கில மார்ச் 4. மாசத்தை எழுத்துல போடுங்க. ஜெர்மனியில "காலண்டர் வாரம் 14"ன்னும் பேசுவாங்க. திங்கள்ல தொடங்குற வாரக் கணக்கு, ஜனவரி 4 எந்த வாரத்துல வருதோ அது முதல் வாரம். காலண்டர் செட்டிங்ஸ்ல வார எண்ணைக் காட்டச் சொல்லி வச்சுக்கிட்டாப் போதும். எண்ணுலயும் கவனம்: ஜெர்மன்ல 1.500ன்னா ஆயிரத்தி ஐந்நூறு. லட்சம், கோடின்னு எழுத வேணாம், அவங்களுக்குப் புரியாது.

கோட் ரிவ்யூல (நீங்க எழுதின கோடை இன்னொருத்தர் சரிபாக்கிறப்ப) ஜெர்மன்காரங்ககிட்ட இருந்து "இது தப்பு"ன்னு மொட்டையா வரும். கோவம் இல்ல, அவங்க பழக்கம். நியூயார்க்கில இருந்து "அருமை, ஒரு சின்ன யோசனை"ன்னு வந்தா அந்தச் சின்ன யோசனையைக் கட்டாயம் செய்யணும்.

கால்ல ஒருத்தர் முடிச்சதும் ஒரு மூச்சு விட்டுப் பேசுங்க. குரல் போய்ச் சேரத் தாமதம் இருக்கு, ப்ளூடூத் ஹெட்செட் அதைக் கூட்டும். ஒயர் ஹெட்செட் நல்லது. மதுரையில வீட்ல இருந்து வேலை பாக்கிறவங்க, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிச்சா முந்தின நாளே டீம் காலண்டர்ல போடட்டும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைக்கட்டும். அழகர் ஆத்துல இறங்குற நாள் வருஷா வருஷம் மாறும், ஆபீஸ் காலண்டர்ல தானா வரும்னு நம்பாதீங்க. அன்னைக்குக் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, ரிலீஸ் வைக்காதீங்க. அதே மாதிரி ஜனவரி 6 ஸ்டுட்கார்ட்ல லீவு, பெர்லின்ல இல்ல. மதுரைக்கு முன்கூட்டியே சொல்லிருங்க.

நியூயார்க் கால் ராத்திரி வரை போற அன்னைக்கும் மறுநாள் காலை 8:30க்கு மீட்டிங் இருக்கேன்னு கேட்டிருந்தீங்க. ஜெர்மன் வேலைநேரச் சட்டப்படி வேலை முடிஞ்சு மறுநாள் தொடங்க 11 மணி நேர ஓய்வு வேணும். நியூயார்க் கால் இரவு 10 வரை போச்சுன்னா மறுநாள் காலை 9க்கு முன்னாடி உங்களை உக்கார வைக்கக் கூடாது. அந்த 8:30 மீட்டிங்கை மறுத்துட்டு, காரணத்தை ஒரே வரியில எழுதுங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.